தண்ணீரைப் பிளந்தவர்கள்

பச்சை இலை வெயிலில் பிராணவாயுவை வெளியிடுகிறது என்று பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்லி விடுவான். அந்தப் பிராணவாயு எதிலிருந்து வருகிறது என்று கேட்டால்தான் கொஞ்சம் தலையைச் சொறிவான். இலைக்குள்ளே போகிற சரக்கு இரண்டே இரண்டு. வேர் உறிஞ்சி அனுப்புகிற தண்ணீர் ஒன்று. காற்றிலிருந்து வருகிற கரியமில வாயு மற்றொன்று. வெளிப்படுவதும் இரண்டுதான். செடி தனக்கென்று வைத்துக் கொள்கிற சர்க்கரை; தனக்கு வேண்டாமென்று விட்டுவிடுகிற பிராணவாயு. அது வேண்டாமென்று விட்டதைத்தான் நாமெல்லாம் மூச்சாக இழுத்துக் கொண்டிருக்கிறோம். சரி, தண்ணீரிலும் பிராணவாயு அடங்கியிருக்கிறது, கரியமில வாயுவிலும் அடங்கியிருக்கிறது. நாம் இழுக்கிற மூச்சு இந்த இரண்டில் எதன் பிள்ளை?

சுமார் நூற்றைம்பது வருஷ காலம் அறிஞர்களில் அநேகமாக எல்லோரும் கரியமில வாயுவின் பிள்ளை என்றே சொல்லி வந்தார்கள். அது தப்பு. அந்தத் தப்பு எப்படித் தெரிய வந்தது, அதற்காக யார் யார் என்னென்ன பட்டார்கள் என்பதைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் உருப்போட்ட ரசாயனச் சமன்பாடுகளில் பெரும்பாலானவை காற்றோடு போய்விட்டன. இலையின் சமன்பாடு மட்டும் தங்கியிருக்கிறது. ஆறு மூலக்கூறு கரியமில வாயுவும், ஆறு மூலக்கூறு தண்ணீரும் சேர்ந்தால், ஒரு மூலக்கூறு சர்க்கரையும் ஆறு மூலக்கூறு பிராணவாயுவும் கிடைக்கும். கணக்கு காலணா பிசகாமல் நேராகும். ஆனால் சற்று உற்றுப் பாருங்கள். வெளிவருகிற ஆறு மூலக்கூறு பிராணவாயுவில் இருப்பவை பன்னிரண்டு அணுக்கள். உள்ளே போன ஆறு மூலக்கூறு தண்ணீரில் இருப்பவையோ ஆறே அணுக்கள். பன்னிரண்டுக்குக் கணக்குச் சொல்லக் கூடியது கரியமில வாயு ஒன்றுதான். ஆகவே படித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சமன்பாடே பொய்ச்சாட்சி சொல்லிக் கொண்டிருந்தது.

பழைய கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். பெல்ஜிய நாட்டு வைத்தியர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் விட்டார். 5 பவுண்டுக் கன்று 169 பவுண்டு மரமாயிற்று. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். மரமெல்லாம் தண்ணீரே என்று அவர் முடிவு கட்டினார். அவர் காலமான பிறகு, 1648-ல் இது அச்சில் வந்தது. 1771-ல் இங்கிலாந்தில் பாதிரியார் ஜோஸப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாளில் அந்தக் காற்றில் மறுபடியும் மெழுகுவர்த்தி எரிந்தது. 1779-ல் டச்சு வைத்தியர் இங்கன்ஹவுஸ், இந்தக் காரியம் வெயிலில்தான் நடக்கும், பச்சைப் பாகங்களில்தான் நடக்கும் என்று காட்டினார். ஜினீவாக்காரர் ஸெனேபியே, கரியமில வாயு இல்லாவிட்டால் நடக்காது என்றார். அதே ஊர் ஸோஸ்யூர் 1804-ல், செடியின் எடையில் தண்ணீரும் சேருகிறது என்றார். இப்படி ஆளுக்கொரு கல்லாக எடுத்து வைத்துச் சுவர் எழும்பியது. ஆனால் அந்தச் சுவருக்குள் நடப்பது என்னவென்று பார்த்தவர் இல்லை. வெளிச்சம் கரியமில வாயுவை உடைக்கிறது, கரி செடியோடு தங்குகிறது, பிராணவாயு வெளியேறுகிறது, கரியோடு தண்ணீர் கலந்து சர்க்கரையாகிறது என்று எல்லோரும் எடுத்துக் கொண்டார்கள். சர்க்கரை வகைகளுக்குக் கார்போஹைட்ரேட், அதாவது கரியும் நீரும் சேர்ந்தது, என்று பெயர் இருந்ததும் இந்த எண்ணத்துக்குத் தோதாகப் போயிற்று.

இதைச் சந்தேகித்தவர் செடிகளைப் பார்த்துச் சந்தேகிக்கவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

கார்னலிஸ் வான் நீல் ஹாலந்து தேசத்துக்காரர். டெல்ப்ட் நகரத்தில் க்ளூய்வர் என்ற பெரிய நுண்ணுயிர் அறிஞரிடம் படித்தவர். 1920-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், கலிபோர்னியாவில் பசிபிக் க்ரோவ் என்ற கடற்கரை ஊரில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை வைத்திருந்த ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அடுத்த ஊர் மான்டரே. அங்கே மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலைகள் இருந்த தெருவை வைத்துத்தான் ஜான் ஸ்டைன்பெக் ஒரு நாவல் எழுதினார். மீன் வாடை வீசும் அந்தக் கரையில் வான் நீல் கவனித்துக் கொண்டிருந்தவை சேற்றில் வாழும் ஊதா நிறப் பாக்டீரியாக்கள். பார்வைக்கு அற்ப ஜந்துக்கள். காற்றே படாத இடத்தில் வளரும். ஆனால் வெளிச்சம் வேண்டும். கரியமில வாயுவைத் தின்று தங்கள் உடலைக் கட்டிக் கொள்ளும். செடி செய்வதும் இதேதான். ஒரே ஒரு வித்தியாசம்: இவை பிராணவாயுவை வெளியிடுவதே இல்லை. தண்ணீருக்குப் பதிலாக இவற்றுக்கு வேண்டியது ஹைட்ரஜன் ஸல்பைடு, அதாவது அழுகிய முட்டையில் நாறுகிற வாயு. அதை உபயோகித்துக் கொண்டு, மஞ்சள் மஞ்சளாகக் கந்தகத் துளிகளைத் தங்கள் உடலுக்குள் சேர்த்து வைக்கும்.

வேறு யாராவது இருந்தால் "இது ஏதோ விபரீத ஜந்து, செடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று விட்டிருப்பார்கள். வான் நீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். ஹைட்ரஜன் ஸல்பைடு என்பது ஹைட்ரஜனும் கந்தகமும். தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் பிராணவாயுவும். பாக்டீரியா ஹைட்ரஜனை எடுத்துக் கொண்டு கந்தகத்தை விடுகிறது. அந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வர நியாயமில்லை. கரியமில வாயுவில் கந்தகமே கிடையாதே! அப்படியானால் செடியும் ஹைட்ரஜனுக்காகத் தண்ணீரை உடைத்துத்தான் பிராணவாயுவை விட வேண்டும். 1931-ல் அவர் இதை ஒரே சமன்பாடாக எழுதிப் பிரசுரித்தார். ஹைட்ரஜனைக் கொடுக்கிறவன் யாராக இருந்தாலும் சரி, அவனிடம் மிச்சமிருப்பது வெளியே வரும். பாடப் புத்தகத்தின் பொய்ச்சாட்சிக்கும் அதில் பதில் இருந்தது. உள்ளே போவது ஆறு மூலக்கூறு தண்ணீர் அல்ல, பன்னிரண்டு. அவற்றின் பன்னிரண்டு பிராணவாயு அணுக்களும் வெளியேறுகின்றன. வேலையின் முடிவில் ஆறு மூலக்கூறு தண்ணீர் புதிதாக உண்டாகிறது. பன்னிரண்டு போய் ஆறு வந்தால் நிகரம் ஆறு. வரவு செலவில் நிகரத்தை மட்டும் எழுதி வைத்த கணக்கப்பிள்ளையால் வந்த வினை!

வான் நீலுக்குப் பிறகு கதை இங்கிலாந்துக்குப் போகிறது. அவர் சொன்னது ஊகந்தானே, பாக்டீரியாவை வைத்துச் செடிக்குச் சட்டம் செய்யலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கேம்பிரிட்ஜில் இருந்த ராபர்ட் ஹில், ஊகம் எதிலும் இறங்காமல் நேரே இலையை எடுத்து அரைத்தார்.

ஹில்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அபூர்வமான மனுஷர். தமது தோட்டத்தில் சாயச் செடிகள் பயிரிட்டு, அவற்றிலிருந்து தாமே வர்ணம் எடுத்து, அந்த வர்ணத்தில் தாமே சித்திரம் எழுதுவார். ஆகாயம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும்படியாக, மேகங்களுக்கென்று ஒரு காமிரா லென்ஸை அமைத்தவரும் அவர்தான். நிறங்களோடு இப்படிப் பழகிய ஒருவருக்குத்தான் இந்த யுக்தி தோன்றியிருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. அரைத்த இலையிலிருந்து கொஞ்சமாகக் கசியும் பிராணவாயுவை அளப்பது எப்படி? ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அவர் கையில் எடுத்தார். பல வருஷமாக அவர் ஆராய்ந்து வந்த பொருள் அது. பிராணவாயு சேராத ஹீமோகுளோபினுக்கு ஒரு நிறம். சேர்ந்ததற்கு வேறு நிறம். ஸ்பெக்ட்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால் இந்த மாறுதல் கோடு கோடாகத் தெரியும். ஆகவே இலையின் பச்சைத் துகள்களையும் ரத்தத்தின் சிவப்பையும் ஒரே குழாயில் விட்டு வெளிச்சத்தைக் காட்டினார். ரத்தம் சாட்சி சொல்லியது. பிராணவாயு வருகிறது!

ஆனால் சும்மா வரவில்லை. இரும்புச் சத்துள்ள ஓர் உப்பைக் கூடச் சேர்த்தால்தான் வந்தது. செடி எதையோ பிய்த்து எடுக்கிறது. எடுத்ததை வாங்கிக் கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. உயிருள்ள இலையில் அந்த ஆள் வேறு. அரைத்த இலையில் இரும்பு அந்த வேலையைச் செய்தது. நான்கு அணு இரும்பு மாறுதலடைந்தால் ஒரு மூலக்கூறு பிராணவாயு. இந்த நான்கு என்ற எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும், பின்னால் வரும். எல்லாவற்றிலும் முக்கியம், இந்தக் குழாயில் கரியமில வாயுவுக்கு வேலையே இல்லை. சர்க்கரையும் உண்டாகவில்லை. அப்படியும் பிராணவாயு வந்தது. 1937-லும் 1939-லும் ஹில் இதை வெளியிட்டார். உலகம் இன்றைக்கும் இதை ஹில் விளைவு என்றே சொல்கிறது.

பிராணவாயுவே விடாத பாக்டீரியா. சர்க்கரையே செய்யாத அரைத்த இலை. பூரணமாக வேலை செய்யும் செடியிடம் ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்டுக் கிடைக்காத பதில், இந்த அரைகுறைகளிடமிருந்து கிடைத்தது. கதாபாத்திரங்களோடு காலம் தள்ளுகிறவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் விஞ்ஞானத்தில் இதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் ஏற்படத்தான் செய்கிறது.

இனி பெர்க்லிக்கு வருவோம். அதுவும் கலிபோர்னியாதான். அங்கே சர்வகலாசாலையில் அணுவைத் தாக்குவதற்காக எர்னஸ்ட் லாரன்ஸ் அமைத்த சைக்ளோட்ரான் யந்திரம் இருந்தது. அதைச் சுற்றி இளைஞர் கூட்டம். அவர்களில் இருவர் ஸாம் ரூபனும் மார்ட்டின் கேமனும். இருவரும் 1913-ல் பிறந்தவர்கள். ரூபன் ரசாயனக்காரர், "எலி வீடு" என்று மற்றவர்கள் கேலி செய்த ஒரு பழைய மரக் கொட்டகையில் அவருடைய பரிசோதனைச் சாலை. கேமன் யந்திரத்தோடு வாழ்பவர். வயோலா வாத்தியத்தில் தேர்ந்தவர். அணுக்களுக்கு அடையாளம் போட்டு அனுப்பினால் செடிக்குள் அவை போகும் வழி தெரிந்துவிடும் என்பது இவர்கள் கட்சி. வண்ணான் துணிக்குக் குறி போடுகிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1940-ல் இவர்கள் கார்பன் 14 என்ற, நெடுங்காலம் நிலைத்திருக்கும் கதிரியக்கக் கரியைக் கண்டுபிடித்தார்கள். அதற்காகக் கேமன் பல இரவுகள் யந்திரத்தின் அருகே காவல் கிடந்தார். கடைசி இரவு கொட்டும் மழையில், முகச் சவரமில்லாமல், கண் சிவந்து வீடு திரும்பிக் கொண்டிருந்தவரை, ஏதோ கொலை சம்பந்தமாக ஆள் தேடிக் கொண்டிருந்த போலீஸார் பிடித்துக் கொண்டு போய், அடையாளம் காட்டச் செய்து, இவனில்லை என்ற பிறகு விட்டார்களாம். மனுஷருக்குப் போலீஸ் யோகம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர்க் கேள்விக்குக் கார்பன் உதவாது. பிராணவாயுவுக்குத்தான் குறி போட வேண்டும். கதிரியக்கப் பிராணவாயுவோ கண்மூடித் திறப்பதற்குள் அழிந்து போகும். ஆகவே வேறு வழி பார்த்தார்கள். சாதாரணப் பிராணவாயு அணுவின் எடை 16. ஆயிரத்தில் இரண்டு அணு மட்டும் எடை 18 உள்ள கனத்த அணுவாக இருக்கும்; அதாவது 0.20 சதவிகிதம். இந்தக் கனத்த அணு 0.85 சதவிகிதம் இருக்கும்படி செறிவேற்றிய தண்ணீரை எடுத்துக் கொண்டார்கள். குளோரெல்லா என்ற ஒற்றை உயிரணுப் பாசியை அதில் விட்டார்கள். பாசிக்கு வேண்டிய கரியமில வாயுவைச் சாதாரணப் பைகார்பனேட் உப்பாகப் போட்டார்கள். விளக்கைக் காட்டினார்கள். வந்த வாயுவைப் பிடித்து, அணுக்களை எடை பிரிக்கும் யந்திரத்தில் செலுத்தினார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் கரைந்த கரியமில வாயு சும்மா இருக்காது. தன் பிராணவாயுவைத் தண்ணீருக்குக் கொடுத்துத் தண்ணீருடையதை வாங்கிக் கொள்ளும். அப்படி முழுக்கப் பண்டமாற்று நடந்துவிட்டால் குறி போட்டதே வீண். கரைசலில் காரத் தன்மை இருந்தால் இந்தப் பண்டமாற்று மெதுவாக நடக்கும். ஆகவே காரக் கரைசலில் வைத்து, மாற்றம் முற்றுவதற்குள் வேலையை முடித்துக் கொள்ளப் பார்த்தார்கள்.

வந்த வாயுவில் கனத்த அணு 0.84 சதவிகிதம், 0.85, 0.86. தண்ணீரில் 0.85. பைகார்பனேட்டின் எண் மெள்ள மெள்ள உயர்ந்து கொண்டிருந்தது. வாயுவின் எண்ணோ ஆரம்பத்திலிருந்தே தண்ணீரின் எண்ணை விட்டு அசையவில்லை. பிறகு தலைகீழாகச் செய்தார்கள். சாதாரணத் தண்ணீர், கனத்த பைகார்பனேட். வாயுவில் 0.20. அதுவும் தண்ணீரின் எண்தான். 1941-ல் ரூபன், கேமன், அவர்களோடு ராண்டால், ஹைட் என்ற இருவர், ஆக நாலு பேர் கையெழுத்தில் இது வெளியாயிற்று. சிறிய கட்டுரை. அதே வருஷம் ரஷ்யாவில் வினோக்ராடோவ், தெய்ஸ் இருவரும் வேறு விதமாகச் செய்து இதே முடிவுக்கு வந்தார்கள். மூச்சின் தாய் தண்ணீர்தான் என்று ஏற்பட்டுவிட்டது.

1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. செடி ஆராய்ச்சி மூட்டை கட்டப்பட்டது. ரூபனை விஷ வாயு ஆராய்ச்சிக்குப் போட்டார்கள். பாஸ்ஜீன் என்ற அந்த வாயு முதல் மகாயுத்தத்திலேயே ஆயிரக் கணக்கான சிப்பாய்களின் நுரையீரலைத் தின்ற வாயு. 1943 செப்டம்பர் 27-ஆம் தேதி, பாஸ்ஜீன் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றைத் திரவக் காற்றில் அமிழ்த்தியபோது அது உடைந்தது. விஷம் கலந்து பொங்கி எழுந்த ஆவியை ரூபன் சுவாசித்துவிட்டார். மறுநாள் இறந்து போனார். 30 வயது ஆக இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மனைவியும் மூன்று குழந்தைகளும். உலகத்தின் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று அளந்து சொன்னவருக்கு இப்படி ஒரு சாவு என்று நான் கதையில் எழுதியிருந்தால், ஜோடிப்பு என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

கேமன் பிழைத்திருந்து பட்டார். 1944-ல், வாத்திய சிநேகத்தில் பிடில் வித்வான் ஐஸக் ஸ்டெர்ன் வீட்டு விருந்தில் ரஷ்யத் தூதராலயத்து மனிதர் ஒருவரைச் சந்தித்தார். ரத்தப் புற்றுநோயில் கிடந்த ஒரு ரஷ்ய அதிகாரிக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் சிகிச்சை கிடைக்க வழியுண்டா என்று அவர் கேட்டார். விசாரித்துச் சொன்னார் கேமன். அதற்கு நன்றியாக ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு மீன் ஹோட்டலில் சாப்பாடு போட்டார்கள். அடுத்த மேஜையில் ராணுவ உளவாளிகள்! சில நாளில் வேலை போயிற்று. ரகசியத்தை விற்றவர் என்று பேச்சுக் கிளம்பிற்று. 1948-ல் அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டி முன்னால் நிறுத்தினார்கள். வெளிநாடு போகப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். அவர் விடவில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஒரு போராட்டம், அவதூறு எழுதிய பத்திரிகை மேல் ஒரு வழக்கு. இரண்டிலும் 1955-ல் ஜயித்தார். குற்றம் எதுவும் அவர் மேல் ஒரு நாளும் நிரூபணமாகவில்லை. இதற்கு நடுவில் கார்பன் 14 பெர்க்லியிலேயே மெல்வின் கால்வின் கைக்குப் போய், அதைக் கொண்டு செடி சர்க்கரை செய்யும் வழியை அவர் கோஷ்டி கண்டுபிடித்து, 1961-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கால்வின் செய்தது பெரிய காரியம், அதைக் குறைக்கவில்லை. ஆனாலும் பரிசுப் பட்டியலில் ரூபன், கேமன் என்ற பெயர்களைத் தேடிப் பார்த்து இல்லாமல் திரும்புகிறவர்களில் நானும் ஒருவன். கேமனுக்கு 1990-களில் அரசாங்கமே பெர்மி விருது கொடுத்தது. அவர் 2002 வரை இருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சம்மதிக்கவில்லை. ஒருவர்தானே என்று தள்ள முடியாது. அவர் ஓட்டோ வார்பர்க். 1931-ல் நோபல் பரிசு பெற்றவர். உயிரணு மூச்சு விடுவதை அளக்கும் முறையை உலகத்துக்கே கற்றுக் கொடுத்தவர். தகப்பனார் வழியில் யூதராக இருந்தும் ஹிட்லர் காலத்திலும் பெர்லினில் தம் பரிசோதனைச் சாலையை நடத்தியவர். பிராணவாயு கரியமில வாயுவிலிருந்தே வருகிறது, வெளிச்சத்தைச் செடி அநேகமாக ஒரு துளியும் வீணாக்காமல் உபயோகிக்கிறது என்பவை அவருடைய சித்தாந்தங்கள். ஒரு மூலக்கூறு பிராணவாயுவுக்கு நான்கு ஒளித் துணுக்குகள் போதும் என்றார் அவர். எட்டுக்குக் குறையாது என்றார் அவரிடமே படித்த அமெரிக்கர் ராபர்ட் எமர்ஸன். சிஷ்யன் பக்கம்தான் கணக்கு இருந்தது. குரு ஒப்பவில்லை. எமர்ஸன் 1959-ல் நியூயார்க்கில் விமான விபத்தில் இறந்தார். வார்பர்க் 1970-ல் இறக்கும் வரை தம் கட்சியை விடவில்லை.

வார்பர்க்கைப் பிடிவாதக்காரர் என்று சொல்லி முடிப்பது சுலபம். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. ரூபன் செய்த பரிசோதனையில் பண்டமாற்று என்ற ஓட்டை இருந்தது வாஸ்தவம்; வேறு சிலரும் அதைச் சுட்டிக் காட்டினார்கள். கரியமில வாயுவை அறவே நீக்கிவிட்டால் ஹில் விளைவு மந்தித்துப் போகிறது என்று 1960-ஐ ஒட்டி வார்பர்க்கே காட்டினார். அது கண்கட்டு அல்ல, உண்மை. அலகாபாத்தில் படித்து, 1956-ல் எமர்ஸனிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்த நம் நாட்டவர் கோவிந்தஜி, இந்த விளைவைப் பல ஆண்டுகள் துருவி ஆராய்ந்தார். பைகார்பனேட் அங்கே இருப்பது உண்மை, ஆனால் பிராணவாயுவைத் தருவதற்காக அல்ல. எலெக்ட்ரான்கள் போகும் வழியில் வேறோர் இடத்தில் அதற்கு உத்தியோகம் என்று தெரிந்தது. 1975-ல் ஸ்டெம்லரும் ராட்மரும் குறி போட்ட பைகார்பனேட்டைக் கொண்டே, பிராணவாயு அதிலிருந்து வரவில்லை என்று காட்டினார்கள். எதிராளி ஒருவர் கடைசி வரையில் விடாமல் நின்றதால்தான் இந்த ஓட்டைகளெல்லாம் அடைபட்டன.

தண்ணீரிலிருந்து வருகிறது, சரி. தண்ணீரை எப்படிப் பிளக்கிறது? இது லேசான வேலை இல்லை. 1800-ல் லண்டனில் நிக்கல்ஸனும் கார்லைலும் தண்ணீரைப் பிளக்க வோல்டாவின் மின்கல அடுக்கு வேண்டியிருந்தது. இலையோ சாதாரணச் சூட்டில், மங்கிய வெளிச்சத்தில் செய்கிறது. ஒரு மூலக்கூறு பிராணவாயு உண்டாக இரண்டு மூலக்கூறு தண்ணீரிலிருந்து நான்கு எலெக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும். ஒளித் துணுக்கு ஒன்று ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் பிடுங்கும். அப்படியானால் நாலும் சேரும் வரை கணக்கு வைத்திருப்பது எது?

பாரிஸில் பியர் ஜோலியோ 1969-ல் இதற்கு விடை காண வழி செய்தார். இவர் மேரி க்யூரியின் பேரன். அந்தக் குடும்பத்துக்குப் பரிசோதனைச் சாலை பிதிரார்ஜித சொத்து. இருட்டில் வைத்திருந்த பச்சைத் துகள்களுக்கு மின்னல் வெட்டுப் போல ஒளி காட்டினார். முதல் வெட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் அநேகமாக இல்லை. மூன்றாவதுக்குப் பிராணவாயு குபீரென்று வந்தது. பிறகு ஏழாவதுக்கு, பிறகு பதினொன்றாவதுக்கு. நாலு நாலாகப் போகிறது; ஆனால் ஆரம்பம் மட்டும் ஏன் மூன்று? ஹாலந்திலிருந்து அமெரிக்கா போன பெஸல் காக் 1970-ல் காரணம் சொன்னார். ஜட்கா வண்டி நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். இருட்டில் நிற்கிற வண்டியில் ஏற்கனவே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். மூன்று பேர் ஏறினதும் முதல் சவாரி புறப்பட்டுவிடும். அதற்குப் பிறகு காலி வண்டிக்கு நாலு நாலு பேர் வேண்டும். ஹில் குழாயில் இரும்பு அணுக்கள் நாலு நாலாக மாறினதற்கும் இதுவே காரணம்.

அந்த வண்டியையே கண்ணால் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் ஷென், காமியா இருவரின் கோஷ்டி, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்துப் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் படம் பிடித்தது. நாலு மாங்கனீஸ் அணு, ஒரு கால்ஷியம், அவற்றைச் சேர்க்கும் ஐந்து பிராணவாயு அணுக்கள். கால் கோணிய நாற்காலி மாதிரி ஓர் உருவம். உலகத்துச் செடி கொடி பாசி எல்லாவற்றிலும் தண்ணீரைப் பிளப்பது இந்த ஒரே நாற்காலிதான்.

மூன்றாவது மின்னலுக்கும் பிராணவாயு வெளிவருவதற்கும் இடையே ஆயிரத்திலொரு பங்கு விநாடிக் கணக்கில்தான் நேரம். அதற்குள் என்ன நடக்கிறது என்று 2023-ல் இரண்டு கோஷ்டிகள் ஒரே சமயத்தில் எழுதின. ஒன்று பெர்க்லியைச் சேர்ந்தது. மற்றொன்று வார்பர்க் இருந்த பெர்லினைச் சேர்ந்தது. நாற்காலியில் எந்த இரண்டு பிராணவாயு அணுக்கள், எந்தக் கணத்தில் ஜோடி சேர்கின்றன என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.